வாயு கசிந்தால்: ஊரைக் காலி செய்வதா, கதவைச் சாத்தச் சொல்வதா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தது. கப்பலில் வரும் அம்மோனியாவைக் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அதே மாதம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவில் வலையும் படகும் நாசமான மீனவர்கள்தான் அவர்கள். கசிவை 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டதாக அரசுத் தரப்பு சொன்னது.

20 நிமிடம் என்பதை ஒரு தீயணைப்பு வீரர் வேறு மாதிரி கேட்க வேண்டும். அவ்வளவு குறுகிய கசிவுக்கு வீட்டை விட்டு ஓடுவது நல்லதா, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பது நல்லதா? அந்த ராத்திரி அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சட்டப்படி ஆலைக்கு வெளியே உள்ள ஊருக்கான அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் ஆட்சியரும் கட்டுப்பாட்டு அறையும் கூடிப் பேசி முடிக்கும் முன்பே முதல் வண்டி போய் நிற்கும். அதிலிருந்து இறங்கும் நிலைய அலுவலர் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் முன்னால் இருக்கும் வழிகளைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த வழியானாலும் அதற்கு முன் செய்ய வேண்டியவை மாறாது. காற்று நமக்குப் பின்னாலிருந்து அடிக்கும் பக்கமாக, முடிந்தால் மேட்டு நிலத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். கொடி, புகை, மரக்கிளை, கையிலெடுத்துத் தூவும் மண், எதை வைத்தாவது காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். டேங்கரானால் பைனாகுலரில் அதன் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வேண்டும். நான்கு இலக்க ஐ.நா. எண் அதில் இருக்கும்: 1075 என்றால் எல்.பி.ஜி., 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். பலகையின் மேலே உள்ள ஹாஸ்கெம் குறியீடு (மீட்புக்கு வருபவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது) ‘இ’ (E) என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால், பொதுமக்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசி என்று பொருள். யோசி என்றுதான் சொல்கிறது, செய் என்று சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் பலருக்குப் பிசகுகிறது. ‘இ’யைப் பார்த்ததும் ‘ஊரைக் காலி பண்ணு’ என்று மைக்கில் கத்திவிடுகிறோம்.

காலி செய்வதில் உள்ள பெரிய நன்மை, அது முழுதாக நடந்து முடிந்தால் அதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை என்பது. 1979 நவம்பரில் கனடாவின் மிசிசாகாவில் புரொப்பேன், குளோரின் வாகன்களோடு ரயில் தடம் புரண்டது. புரொப்பேன் வாகன்கள் வெடித்தன, குளோரின் வாகன் ஓட்டை விழுந்து கசிந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் அங்கே அகலமான சாலைகள் இருந்தன, வீட்டுக்கு ஒரு கார் இருந்தது, கட்டம் கட்டமாகப் பகுதிகளைப் பிரித்து வெளியேற்ற அவகாசமும் இருந்தது.

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 வீடு உள்ள ஒரு குப்பம். வீட்டுக்கு ஒரு நிமிடம் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். இருவர் இருவராக நான்கு ஜோடி இறங்கினாலும் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர 2 மணி நேரம் ஆகிவிடும். அந்த எட்டுப் பேருக்கும் பி.ஏ. செட், அதாவது முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரோடு கூடிய மூச்சுக்கருவி வேண்டும். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்துக்கு அடைத்தால் 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். படியேறி, கத்தி, கிழவியைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கு 40 லிட்டர் போதாது. போக, திரும்ப, காற்று தீரப்போகிறது என்று கருவி விசில் அடித்த பிறகு வெளியே வர என்று கழித்தால் உள்ளே வேலை செய்யக் கிடைப்பது 20 நிமிடம்கூட இல்லை.

அடுத்தது மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஓடும்போது அது 50 லிட்டரைத் தாண்டும். அதே புகைமண்டலத்துக்குள் ஓடுகிறவர், உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு நஞ்சை உள்ளே இழுக்கிறார். மனிதர் வேகமாக நடந்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் போவார். கடற்கரையில் சாதாரணக் காற்றே நொடிக்கு 3 மீட்டர் வீசும். காற்று போகும் திசையிலேயே ஓடுபவரை வாயு முந்திவிடும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து போபாலில் ஓடிய ஆயிரக்கணக்கானோருக்கு நடந்தது அதுதான். எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல், வாயு போன பக்கமே அவர்களும் போனார்கள்.

சரி, உள்ளேயே இருக்கச் சொல்வது?

சாத்திய வீட்டுக்குள் வாயு மெதுவாகத்தான் நுழையும். ஒரு கான்கிரீட் வீட்டில் எல்லாவற்றையும் அடைத்த பிறகு மணிக்கு அரை முறை காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வாயு ஒரே அளவில் நின்றாலும், 20 நிமிடம் கழித்து உள்ளே சேர்ந்திருப்பது வெளியில் உள்ளதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். மணிக்கு நான்கு முறை காற்று மாறும் ஓட்டை வீடாக இருந்தால் அதே 20 நிமிடத்தில் 74 சதவீதம். கசிவு 2 மணி நேரம் நீடித்தால் அந்த நல்ல வீட்டிலேயே 63 சதவீதத்துக்கு வந்துவிடும், ஓட்டை வீட்டில் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். ‘உள்ளே இரு’ என்பது குறுகிய கசிவுக்கும் நல்ல வீட்டுக்கும் அருமையான வழி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அதன் பலம் போய்விடுகிறது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் தீயணைப்பு வண்டிகளில் இருக்கும் ஆரஞ்சு அட்டை அவசர வழிகாட்டியும் இதைச் சொல்கிறது: வாயு எரியக்கூடியதாக இருந்தால், அது அந்த இடத்தை விட்டு விலக வெகுநேரம் ஆகுமென்றால், கட்டடத்தை இறுக்கமாக அடைக்க முடியாதென்றால், உள்ளே இருப்பது நல்ல முடிவாகாது. மூன்றாவது நிபந்தனையை நாம் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம் என்பதுதான் என் வருத்தம். அந்த நாடுகளின் வீடு குளிருக்காக இறுக்கமாகக் கட்டியது. நம் வீடு காற்று வரவேண்டும் என்று கட்டியது. ஜன்னலுக்கு மேலே எப்போதும் திறந்திருக்கும் வென்டிலேட்டர், அடுப்படியில் சிமெண்ட் ஜாலி, குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் சுவருக்கும் ஷீட்டின் வளைவுகளுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி சுற்றிலும் இருக்கும். அதை அடைக்கப் பழைய புடவையும் சாக்கும் போதாது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் இந்த வீடுகள்தான்.

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் என்ற ரசாயனம் ஆவியாக வெளியேறியபோது இரண்டு வழியும் கைவிட்டதைப் பார்த்தோம். ஆலையின் சைரன் ஒலிக்கவில்லை. வெங்கடாபுரம் கிராமம் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோடைக்காலம், தூங்கும் நேரம். விழித்து ஓடியவர்கள் தெருவில் சுருண்டு விழுந்தார்கள். எழாதவர்களை மீட்புப் படையினர் பின்னர் வீடு வீடாகத் தேடித் தூக்கினார்கள். 12 பேர் இறந்தார்கள். கசிவு நிமிடக் கணக்கில் முடியவில்லை, மணிக்கணக்கில் நீடித்தது. இப்படி ஒரு கசிவில், சுவரை ஒட்டிய முதல் சில தெருக்களுக்கு வெளியேற்றம் தவிர வழியில்லை. தள்ளியிருக்கும் தெருக்களுக்கு அதே நேரத்தில் ‘உள்ளே இரு’ என்பது சரியாக இருக்கலாம். ஒரே சம்பவத்தில் இரண்டு உத்தரவு கொடுப்பதில் தவறே இல்லை. ஊர் முழுக்க ஒரே உத்தரவுதான் என்று நினைப்பதுதான் தவறு.

2005 ஜனவரியில் அமெரிக்காவின் கிரானிட்வில்லில் ரயில் மோதிக் குளோரின் வாகன் உடைந்தபோதும் அப்படித்தான் நடந்தது. முதலில் மக்களை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். நிலைமை சட்டென்று முடியாது என்று தெரிந்ததும் 5,000-க்கும் அதிகமானோரை வெளியேற்றினார்கள். 9 பேர் இறந்தார்கள். முதல் உத்தரவை மாற்றுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிற அதிகாரி இந்த வேலைக்கு ஆபத்தானவர்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நம் ஊருக்குப் பெரும்பாலும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஊரை விட்டுப் போகச் சொல்லாமல், ஓட்டை வீட்டில் அடைந்து கிடக்கவும் சொல்லாமல், காற்றுக்குக் குறுக்காக நடக்க வைத்து அருகிலுள்ள நல்ல கான்கிரீட் கட்டடத்துக்குள் சேர்ப்பது. கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன, சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன, மாடி வைத்த பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. வாயு மேகம் காற்றடிக்கும் திசையில் நீளமாகவும் பக்கவாட்டில் குறுகலாகவும் போகும். அதனால் 300 மீட்டர் குறுக்கே நடப்பது, 2 கிலோமீட்டர் காற்றோடு ஓடுவதைவிடப் பயன் தரும். ஷீட் வீட்டுக்காரர் எதிர்த்தெரு மாடி வீட்டுக்குள் போனாலே போதும் என்ற நிலைகூட உண்டு.

இந்த வழியின் குறை, முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்காவிட்டால் நடக்காது என்பது. எந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அதன் வென்டிலேட்டர்களை அடைக்கப் பாலித்தீன் ஷீட்டும் டேப்பும் அங்கே இருக்கிறதா, எத்தனை பேர் கொள்ளும் என்பதெல்லாம் நடுராத்திரியில் விசாரிக்கிற விஷயங்கள் அல்ல. புயலுக்குத் திறக்கிற மையத்தை வாயுவுக்கும் திறக்கலாம் என்று பஞ்சாயத்திடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பேசி வைக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நான்காவதாக ஒரு ஆசை எல்லாருக்கும் வரும்: ஓடிப்போய் வால்வை மூடிவிட்டால் மக்களை அசைக்கவே வேண்டாமே. மூட முடிந்தால் மிக நல்லது. ஆனால் அதைத் தொழிற்சாலையின் ஆள், ஆலைக்குள்ளிருக்கும் ரிமோட் வால்வில் செய்வது ஒன்று. தீயணைப்பு வீரர் நெருப்புக்குப் போடும் கோட்டோடு அம்மோனியாவுக்குள் நடப்பது வேறு. அந்தக் கோட்டு வெப்பத்துக்கானது, வாயு அதற்குள் புகும். அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகும். வியர்த்த அக்குள், இடுப்பு மடிப்பு, கழுத்து, முதலில் எரிவது இவைதான். முழுக்க மூடிய வாயுக் கவச உடை இல்லாத நிலையம் இந்த வழியைத் தன் கணக்கில் சேர்க்கவே கூடாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, ரசாயன விபத்துக்கான பயிற்சியும் கருவியும் அவர்களிடம் உண்டு. ஆனால் அங்கிருந்து வண்டி வந்து சேரும்வரை வழியைத் தேர்ந்தெடுக்காமல் காத்திருக்க முடியாது.

இனி வாயுவைப் பொறுத்து முடிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

எல்.பி.ஜி. என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. வெளியேற்றம்தான். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது, சாக்கடைக்குள் இறங்கிப் போய் எங்கோ ஒரு வீட்டில் தலை தூக்கும். சாத்திய வீட்டில் ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்குவதே போதும். 2012 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்ற ஊரில் டேங்கர் தீப்பற்றி 20 பேர் உயிரிழந்தது வீடுகள் நெருங்கிய சாலையில். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எல்.பி.ஜி.யோடு டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது, சுற்றுவட்டாரத்தை அடைத்து, 500 மீட்டருக்குள் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கசிவை நிறுத்தினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வழிகாட்டி எல்லாப் பக்கமும் 100 மீட்டரும், பெரிய கசிவானால் காற்றுத் திசையில் 800 மீட்டரும் கேட்கிறது. டேங்கர் நெருப்பில் இருந்தால் சுற்றிலும் 1600 மீட்டர். வெளியேற்றும்போது சேர்த்துச் சொல்ல வேண்டியது: பைக்கை ஸ்டார்ட் செய்யாதே, லைட்டைப் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், நடந்து வா. மின்சாரத்தை ஈ.பி.க்காரர்கள் மேகத்துக்கு வெளியே உள்ள இடத்தில் துண்டிக்க வேண்டும்.

அம்மோனியாவில்தான் தேர்வு உண்மையிலேயே கடினம். வாயுவாகப் பார்த்தால் காற்றைவிட லேசு. ஆனால் திரவமாக வெளியே பாய்ந்தால் குளிர்ந்து வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழும், லேசான வாயுதானே மேலே போய்விடும் என்று நம்ப முடியாது. தண்ணீரில் அது அபாரமாகக் கரையும். அதனால் அம்மோனியாவில் மட்டும் நம் கையில் ஒரு கூடுதல் ஆயுதம் உண்டு: தண்ணீரைத் தூவலாக்கும் குழாய்முனையால் (ஸ்ப்ரே பிராஞ்ச்) மேகத்துக்குக் குறுக்கே தண்ணீர்த் திரை போட்டால் வாயுவைக் கணிசமாக வாங்கிக்கொள்ளும். தேங்கி நிற்கும் திரவத்தின் மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது, பட்டால் கொதித்து இன்னும் வாயுவாகும். திரை போட வண்டியும் தண்ணீரும் இருக்கிறது, ஆலைக்காரர் குழாயை அடைத்துவிட்டேன் என்கிறார் என்றால், மக்களை உள்ளேயே நனைந்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு இருக்கச் சொல்வேன். மூட முடியவில்லை என்றால் மூன்றாவது வழி. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அடைபட்ட அறைக்குள் 15 முதல் 28 சதவீதம் வரை சேர்ந்தால் அம்மோனியாவும் எரியும்.

குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். குடிநீர் நிலையங்களில் டன்னர் எனப்படும் 900 கிலோ உருளைகளில் இருக்கும். தரைத்தளத்தை விட்டு மாடிக்கு ஏறச் சொல்வதே பெரிய பாதுகாப்பு. கசியும் இடத்தில் தண்ணீர் அடித்தால் அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்கும். டன்னரில் திரவம் கசிகிறது என்றால், பயிற்சி பெற்றவர்கள் அதை உருட்டி ஓட்டை மேல்பக்கம் வரும்படி வைப்பார்கள். அப்போது திரவத்துக்குப் பதில் வாயு வரும். ஒரு பங்கு திரவம் 450 பங்கு வாயுவாக விரிவதால், அந்த ஒரு திருப்பலே ‘ஊரைக் காலி செய்’ என்பதை ‘உள்ளே இரு’ என்று மாற்றிவிடக்கூடும்.

எந்த வாயு என்றே தெரியவில்லை என்றால், பக்கத்து வீடுகளை மட்டும் குறுக்கே நகர்த்திவிட்டு, மற்றவர்களைச் சாத்திக்கொள்ளச் சொல்லி, தெரிந்துகொள்ள முயல வேண்டும்.

நேரமும் கணக்கில் வரும். ராத்திரியில் காற்று அடங்கி, வாயு கலையாமல் நெடுந்தூரம் போகும். அதே கசிவுக்குப் பகலைவிட இரவில் பாதுகாப்புத் தூரம் அதிகம் வைப்பது அதனால்தான். அம்மோனியாவின் சிறு கசிவுக்கே வழிகாட்டி பகலில் 100 மீட்டரும் இரவில் 200 மீட்டரும் சொல்கிறது. மருத்துவமனை, முதியோர் இல்லம், பிரசவ வார்டு போன்றவற்றில் நோயாளிகளைத் தெருவுக்கு இறக்குவதைவிட மேல்மாடிக்கு ஏற்றுவதே பெரும்பாலும் நல்லது.

எந்த உத்தரவானாலும் மக்கள் காதில் விழுகிற வடிவில் போக வேண்டும். கோயில், சர்ச், மசூதி ஒலிபெருக்கிகள்தான் கடலோர ஊரில் வேகமானவை. 2023-ல் சோதித்துப் பார்த்த செல்போன் அவசர எச்சரிக்கையும் உண்டு. வாசகம் இப்படி இருக்கலாம்: ‘அம்மோனியா கசிந்திருக்கிறது. ஓடாதீர்கள். மாடி வீட்டுக்காரர்கள் கதவு, ஜன்னல், வென்டிலேட்டரைச் சாத்துங்கள், ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள், ஈரத்துணியை மூக்கில் வையுங்கள். ஷீட் வீட்டுக்காரர்கள் வடக்குத் தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வாருங்கள்.’ எந்தப் பக்கம் என்று தெருப் பெயரோடு சொல்ல வேண்டும். ‘பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

உள்ளே இருக்கச் சொன்னவர்களுக்கு இன்னொரு அறிவிப்பும் பாக்கி இருக்கிறது. வெளியே வாயு கலைந்த பிறகு, உள்ளே மெல்ல நுழைந்தது மெல்லத்தான் வெளியேறும். அந்த நேரத்தில் வெளியைவிட வீட்டுக்குள்தான் வாயு அதிகம். அதனால் வாயுமானியில் அளந்து வெளியே சுத்தம் என்று உறுதியானதும், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வரச் சொல்ல வேண்டும். பயிற்சிகளில் இந்த இரண்டாவது அறிவிப்பையும் சேர்த்தே ஒத்திகை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பயத்தில் சாத்திய கதவை விடியும்வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆலைக்காரர் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்கின்றன. அந்தத் தகவலில் இந்தத் தெருவுக்கு எந்த வழி என்பதும் இருக்க வேண்டும் என்று நிலைய அலுவலர்கள் கேட்கலாம். தங்கள் எல்லைக்குள் எந்த ஆலையில் எந்த வாயு, அதன் சுவரிலிருந்து 500 மீட்டருக்குள் ஷீட் கூரை எத்தனை, கான்கிரீட் கூரை எத்தனை, மாடிக் கட்டடம் எங்கே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து எண்ணி, வரைபடத்தில் குறித்து முதல் வண்டியின் முன் சீட்டில் வைத்துவிடலாம்.